ரொட்டிக்கு விலை வைத்தவர்கள்

1775 மே 11 அன்று பாரிஸ் நகரின் கிரேவ் சதுக்கத்தில் இரண்டு பேரைத் தூக்கில் போட்டார்கள். ஒருவர் பொய்முடி செய்யும் தொழிலாளி, மற்றவர் மெல்லிய துணி நெய்யும் இளைஞர். அந்த மாதத் தொடக்கத்தில் நகரத்து ரொட்டிக்கடைகளுக்குள் புகுந்த கூட்டத்தில் இவர்களும் இருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தக் கூட்டங்கள் பல இடங்களில் செய்ததை வெறும் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. ரொட்டி ராத்தல் இரண்டு சூ (அன்றைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு) என்று தாங்களே விலை வைத்தார்கள், அந்தக் காசை எண்ணிக் கொடுத்தார்கள், ரொட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். அமைச்சர் துர்கோ முந்தைய ஆண்டுதான் தானிய வணிகத்தின் மீதிருந்த கட்டுகளை அவிழ்த்துவிட்டிருந்தார். சந்தை வைப்பதே விலை என்பது அவர் கொள்கை. அதை மறுத்து வேறொரு விலை வைத்தவர்களுக்குக் கிடைத்தது கயிறு. 18 ஆண்டுகள் கழித்து, 1793 செப்டம்பர் 29 அன்று, அதே நகரத்தில் கூடிய கன்வென்ஷன் என்ற தேசிய மன்றம், அன்றாடத் தேவைக்கான பொருள்களுக்கெல்லாம் உச்ச விலை நிர்ணயித்துச் சட்டம் போட்டது. மீறி விற்கிற வியாபாரி இப்போது குற்றவாளி. அன்று தூக்குக்கு உரியதாக இருந்த செயல் இன்று நாட்டின் சட்டம். பிரெஞ்சுப் புரட்சியை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மன்றங்களையும் சொற்பொழிவுகளையும் சொல்லி முடித்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் மக்களின் அன்றாட வாழ்க்கையைச் சேர்ப்பார்கள். அந்தக் காலத்துக் காகிதங்களைப் படிக்கும்போது எனக்கு அந்த வரிசையே தவறு என்று படுகிறது. பாரிஸ்வாசிகள் அரசியலைக் கற்றதும், அரசாங்கத்தை எடைபோட்டதும் ரொட்டிக்கடை வாசலில்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பாரிசில் ரொட்டி விலையைப் பேசும்போதெல்லாம் நாலு ராத்தல் ரொட்டியைத்தான் அளவாகச் சொல்வார்கள். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு கிலோ. சாதாரணக் காலத்தில் அது எட்டு சூ. 1788 ஜூலையில் வடக்கு பிரான்சில் பெய்த கல்மழை விளைச்சலை அடித்துப்போட்டது. அடுத்து வந்த குளிர்காலத்தில் சேன் நதியே உறைந்தது. 1789 பிப்ரவரியில் ரொட்டி விலை 14½ சூவுக்கு ஏறி, ஜூலை வரை இறங்கவில்லை. கட்டட வேலைக்குச் செல்லும் கூலியாளுக்கு நாளுக்கு 20 முதல் 30 சூ கிடைக்கும். ஆண்டில் நூறு நாளுக்கு மேல் திருநாள், அந்த நாள்களில் வேலையும் இல்லை கூலியும் இல்லை. இவற்றையெல்லாம் கழித்துக் கணக்குப் போட்ட வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ரூடே, அந்த மாதங்களில் கூலியாளின் வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ரொட்டிக்கே போனது என்று காட்டியிருக்கிறார். மீதியில் வாடகை, விறகு, மெழுகுவத்தி, துணி, குடிக்கக் கொஞ்சம் வைன். பாஸ்டில் வீழ்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய நான்கு நாள்களில் என்ன நடந்தது என்பதுதான் இங்கே முக்கியம். நகரத்துக்குள் வரும் உணவுக்கும் வைனுக்கும் வரி பிடுங்கிய சுங்கச்சாவடிகள் 54. அவற்றில் 40 சாவடிகளைக் கூட்டம் எரித்துத் தள்ளியது. ஜூலை 13 அன்று சேன் லசார் மடத்தில் குவித்து வைத்திருந்த தானியத்தை வண்டிகளில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தங்கள் வீட்டுக்கு ஓட்டிப் போகாமல் சந்தைக்கு ஓட்டிப் போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பசி வந்தால் கலகம் வரும், இதில் அரசியல் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. பசியே போதும் என்றால் 1709இன் கொடும்பஞ்சத்திலேயே புரட்சி வந்திருக்க வேண்டும், வரவில்லை. பசிக்கு யாரிடம் கணக்குக் கேட்பது என்பதில்தான் மாற்றம் நேர்ந்தது. பழைய ஏற்பாட்டில் மன்னர் குடிகளுக்குத் தந்தை, பஞ்சத்தில் அவர்களைப் பட்டினி போடாமல் காப்பது அவர் தர்மம். 1789 அக்டோபர் 5 அன்று சந்தைப் பெண்களும் மற்றவர்களும் மழையில் வெர்சாய்க்கு நடந்ததும், மறுநாள் மன்னர் குடும்பத்தைப் பாரிசுக்குக் கூட்டி வந்ததும் இந்தப் பழைய தர்மத்தின் பேரில்தான். ரொட்டிக்காரரையும் ரொட்டிக்காரியையும் கடைப் பையனையும் அழைத்து வருகிறோம் என்று அவர்கள் கூவிக்கொண்டு வந்ததைப் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் மன்னர் பாரிசுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியும் கடையில் ரொட்டி போதவில்லை. அக்டோபர் 21 அன்று நோத்ர் தாம் அருகே கடை வைத்திருந்த ஃபிரான்சுவா என்ற ரொட்டிக்காரர் ரொட்டியை ஒளித்து வைத்திருக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. கூட்டம் அவரை இழுத்துக்கொண்டு போய் அதே கிரேவ் சதுக்கத்தில் தொங்கவிட்டது. மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றி இரண்டு மாதமே ஆகியிருந்த மன்றம், அன்றைக்கே ராணுவச் சட்டத்துக்கு வழி செய்தது. கலகம் என்றால் செங்கொடி காட்டி, கலையச் சொல்லி, கலையாவிட்டால் சுடலாம். அடுத்த நான்கு ஆண்டுகளும் நடந்த வழக்கு இதுதான். சொத்தின் சுதந்திரத்தை நம்பிய மன்றம் ஒரு பக்கம், நியாய விலையை நம்பிய தெரு இன்னொரு பக்கம்.

அந்த வழக்கில் தெருத்தரப்பு வாதம் எப்படி இருந்தது என்பதை 1793 பிப்ரவரி தெளிவாகக் காட்டுகிறது. இந்த முறை ரொட்டி பிரச்சினை இல்லை. நகராட்சி ரொட்டிக்காரர்களுக்கு மானியம் கொடுத்து நாலு ராத்தலை 12 சூவில் நிறுத்தி வைத்திருந்தது. ஏறியவை சோப்பு, சர்க்கரை, காப்பி, மெழுகுவத்தி. கரீபியக் காலனியான சேன் தொமேங்கில் 1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகு சர்க்கரை வரத்து சுருங்கியது. அசிஞா என்ற காகிதப் பணம் மாதா மாதம் மதிப்பிழந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 24 அன்று சலவைப் பெண்கள் மன்றத்துக்கு மனு கொண்டுபோனார்கள். ராத்தல் 14 சூவாக இருந்த சோப்பு 22 சூ ஆகிவிட்டது, இதை வாங்கித் துவைத்தால் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்பது மனுவின் சாரம். மறுநாள் மளிகைக்கடைகளில் கூட்டம் புகுந்தது. சோப்பு 10 முதல் 12 சூ, சர்க்கரை 18 முதல் 25 சூ, மெழுகுவத்தி 12 சூ என்று விலை வைத்துச் சரக்கை எடுத்தார்கள். காசு கொடுத்தவர்கள் பலர், கொடுக்காமல் போனவர்களும் உண்டு. ஜக்கோபின் என்ற அரசியல் சங்கத்தில் ரோபெஸ்பியர் பேசினார். மக்கள் எழுந்தால் அற்ப மளிகைச் சரக்குக்காகவா எழுவது, கொடியவர்களை வீழ்த்த அல்லவா எழ வேண்டும் என்று கடிந்துகொண்டார். புரட்சியின் தலைவர்களில் அவரளவுக்குத் தெருவின் பக்கம் நின்றவர் குறைவு, அவருக்கே இது எட்டவில்லை. வாடிக்கைக்காரர் வீட்டு வெள்ளைத் துணியை நம்பிப் பிழைக்கிற பெண்ணுக்குச் சோப்புதான் தொழிற்கருவி. 14 சூ ஒரு காலத்து விலை, 22 சூ இப்போதைய விலை, இரண்டுக்கும் நடுவில் எவரோ லாபம் பார்க்கிறார், அதைத் தடுக்க அரசாங்கத்துக்குக் கடமை இருக்கிறது என்று படிப்படியாக அடுக்குவதை வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிட முடியாது.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? கூட்டத்தில் நின்ற பெண்களில் எழுதத் தெரிந்தவர்கள் சொற்பம். நாட்குறிப்பு எழுத ஓய்வும் தாளும் உள்ளவர்கள் வேறு வகையினர். மெனெத்ரா என்ற கண்ணாடித் தொழிலாளி நிறுத்தக்குறியே இல்லாமல் தன் வாழ்க்கையை எழுதி வைத்துவிட்டுப் போனார். வரலாற்றாசிரியர் தனியேல் ரோஷ் 1982இல் அதைப் பதிப்பித்தார். அப்படிப்பட்டவர்கள் அபூர்வம். தெருவின் பேச்சு நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வேவுக்காரர்கள் வழியாக. 1793இல் உள்துறை அமைச்சராக இருந்த கரா, நகரத்தைச் சுற்றிவந்து கேட்டதை எழுதித் தர ஆள்களை வைத்துக்கொண்டார். துய்த்தார், பெரியேர், லத்தூர் லமோந்தாஞ் போன்றவர்கள் காப்பிக்கடையிலும் சந்தையிலும் பாலத்தடியிலும் நின்று கேட்டு எழுதினார்கள். அவருக்குப் பின் வந்த அமைச்சரும் இதைத் தொடர்ந்தார். 1793 செப்டம்பர் முதல் 1794 மார்ச் வரையான அறிக்கைகளைப் பியேர் கரோன் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்திருக்கிறார். புரட்டினால் விடிவதற்கு வெகு முன்பே கடை வாசலில் சேரும் பெண்கள், வெண்ணெய்க்கும் முட்டைக்கும் சண்டை, இறைச்சிக்கடையில் காதில் விழுந்த வசவு, பதுக்கல்காரர் மீதான சந்தேகம் எல்லாம் பக்கம் பக்கமாக வருகின்றன. முண்டியடிப்பதைத் தடுக்கக் கடைக்கதவில் ஒரு கயிற்றைக் கட்டிவிடுவார்கள், வந்தவர்கள் அதைப் பிடித்தபடி ஒருவர் பின் ஒருவராக நிற்க வேண்டும். எவராவது கயிற்றை அறுத்துவிட்டால் இரவெல்லாம் நின்ற வரிசை ஒரு நொடியில் குலைந்துபோகும்.

ஒற்றர் எழுத்தை நம்பலாமா? சம்பளம் கொடுப்பவர் கேட்க விரும்புவதை எழுதுவது அந்தத் தொழிலின் இயல்பு. எல்லாம் அமைதி என்று தினமும் எழுதினால் வேலை போய்விடும், ஆகவே முணுமுணுப்பைப் பெருக்கிக் காட்டவும் காரணம் உண்டு. துய்த்தார் ஒரு படி மேலே போய், அமைச்சருக்கே அரசியல் பாடம் நடத்துகிறார். அவருடைய நீண்ட உபதேசங்களைப் படிக்கையில் கரா எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று தோன்றும். ஆயினும் இரண்டு காரணங்களால் இந்தக் காகிதங்களைத் தள்ள முடியாது. ஒரே நாளில் நகரின் வெவ்வேறு மூலைகளில் நின்ற பலர் எழுதியவை இவை. கருத்துகளில் முரண்படுகிறவர்கள் வரிசையின் நீளத்திலும் விலையிலும் ஒத்துப்போகிறார்கள். அடுத்து, நாம் தேடுவது பெரும்பாலும் அவர்கள் நிரூபிக்க வந்த செய்தியில் இல்லை. மக்கள் குடியரசை நேசிக்கிறார்களா என்று அளந்து சொல்ல வந்தவர் போகிற போக்கில் முட்டை விலையை எழுதிவிடுகிறார். அதைத் திரிக்க அவருக்கு ஒரு தேவையும் இல்லை. மூன்றாவதாக ஒன்றும் சேர்க்கலாம். உள்துறை அமைச்சகம் வெண்ணெய் வரிசையைப் பற்றித் தினமும் அறிக்கை கேட்டது என்பதே ஒரு சான்று. பழைய ஆட்சியின் போலீசும் ஒற்றர்களை வைத்திருந்தது, ரொட்டி விலையைக் கண்காணித்தது, உண்மை. ஆனால் அந்த ஆட்சிக்குப் பட்டினி வந்தால் கலகம் என்ற கவலை இருந்ததே தவிர, கலகக்காரர்கள் கேட்ட விலையைச் சட்டமாக்கும் நெருக்கடி இருந்ததில்லை.

1793 செப்டம்பர் 4, 5 தேதிகளில் கட்டடத் தொழிலாளிகளும் பட்டறைக்காரர்களும் நகராட்சிக் கட்டடத்தையும், பிறகு மன்றத்தையும் சூழ்ந்து ரொட்டி கேட்டபோது அந்த நெருக்கடி வந்தது. மாத இறுதியில் உச்ச விலைச் சட்டம். 1790ஆம் ஆண்டு விலையோடு மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் வருவது பொருளின் உச்ச விலை. தெரு கேட்டது கிடைத்தது, அதோடு தெரு கேட்காததும் வந்து சேர்ந்தது. விலையைக் கட்டிவைக்கும் அரசு சரக்கைப் பங்கிட்டாக வேண்டும், பங்கிட வேண்டுமென்றால் எந்த வீட்டில் எத்தனை வாய் என்று தெரிந்தாக வேண்டும். அக்டோபர் இறுதியில் பாரிஸ் நகராட்சி ரொட்டி அட்டை கொடுத்தது. நவம்பரில் பணக்காரருக்கு வெள்ளை ரொட்டி ஏழைக்குத் தவிட்டு ரொட்டி என்ற பேதத்தை ஒழித்து, எல்லாருக்கும் ஒரே சமத்துவ ரொட்டி என்றது. ஏற்கெனவே அந்த ஆண்டு மார்ச் முதல் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குடியிருப்பவர்களின் பெயர், வயது, தொழிலை எழுதி ஒட்ட வேண்டும் என்று ஆணை. ஆண்கள் பாதுகாப்பு அட்டை வைத்திருக்க வேண்டும். அதற்கான பதிவேடுகளில் பெயர், வயது, தொழில், முகவரி, பிறந்த ஊர் எல்லாம் இருக்கின்றன. தண்ணீர் சுமப்பவரும் செருப்புத் தைப்பவரும் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று இன்றைக்கு ஆய்வாளர்கள் சொல்ல முடிவது இந்தப் பதிவேடுகளால்தான். ரேஷன் அட்டையோடு வளர்ந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. பாரிஸ்வாசிகளுக்கு அரசு என்பது சுங்கச்சாவடியும் போர்வீரனும் என்றிருந்த நிலை மாறி, தன் வீட்டுத் தலைகளை எண்ணும் ஒன்றாக ஆனது அந்தச் சில மாதங்களில். ஆகவே அன்றாட வாழ்க்கையைப் பற்றி நம்மிடம் இவ்வளவு காகிதம் இருப்பது தற்செயலல்ல. நியாய விலை கேட்ட மக்களும் அவர்களை எண்ண வேண்டியிருந்த அரசும் சேர்ந்து உண்டாக்கியவை அவை.

இதற்கு வலுவான மறுப்பு பொருளாதாரப் பக்கத்திலிருந்து வரும். உச்ச விலை வைத்ததும் சரக்கு மறைந்தது, வரிசை நீண்டது, கொல்லைப்புறக் கதவு வழியாக இருமடங்கு விலைக்கு விற்றார்கள், கள்ளத்தனத்தை வளர்த்ததுதான் மிச்சம் என்பார்கள். வேவுக்காரர்களின் அறிக்கைகளே இதற்குச் சாட்சி. 1794 தொடக்கத்தில் இறைச்சியும் முட்டையும் கண்ணில் படுவதே அரிது. கிராமத்துப் பக்கம் இன்னும் கசப்பானது. பாரிசுக்கு 12 சூ ரொட்டி கிடைக்க வேண்டும் என்பதற்காகப் புரட்சிப்படை என்ற பெயரில் ஆயுதம் தாங்கிய நகரத்தார் சுற்றுவட்டாரத்து விவசாயியின் களஞ்சியத்தைத் திறக்க வைத்தார்கள். புரட்சிக்கு முந்தைய கிராமத்து வாழ்க்கைக்கு ஆர்தர் யங் என்ற ஆங்கிலேயப் பயணியின் குறிப்பு ஒன்று போதும். 1789 ஜூலை 12 அன்று ஒரு மேட்டில் குதிரைக்கு ஓய்வு கொடுத்து நடக்கையில் கூட வந்த பெண்ணைப் பார்த்தால் 60, 70 வயது சொல்லலாம், அவளோ தனக்கு 28 என்றாள். ஏழு குழந்தைகள், துண்டு நிலம், ஒரு மாடு, ஒரு நோஞ்சான் குதிரை. ஒரு பிரபுவுக்குக் கோதுமையும் மூன்று கோழியும், இன்னொருவருக்கு ஓட்ஸும் ஒரு கோழியும் ஒரு சூவும் கட்ட வேண்டும், அரச வரிகள் தனி. அந்தக் கோழிக் கடன்களை ஒழித்த அதே புரட்சி, நான்காண்டில் தானியம் கேட்டுக் கதவைத் தட்டியது. கூலியாளுக்கும் முழு லாபம் இல்லை, சட்டம் கூலிக்கும் உச்சவரம்பு வைத்திருந்தது. 1794 ஜூலை 23 அன்று நகராட்சி வெளியிட்ட கூலிப்பட்டியல் பலருடைய சம்பளத்தில் கை வைத்தது. ஐந்து நாள் கழித்து ரோபெஸ்பியரைக் கில்லட்டினுக்கு வண்டியில் கொண்டுபோனபோது, ஒழிந்தது உச்சவரம்பு என்று தொழிலாளிகள் கத்தினார்கள். இவையெல்லாம் உண்மை. இவற்றால் அடிபடுவது அந்தச் சட்டம் நல்ல பொருளாதாரம் என்ற வாதம், அதை நான் சொல்லவில்லை. விலை வைப்பது அரசின் கடமை என்று எல்லாத் தரப்பும் ஏற்றுக்கொண்ட பிறகுதான் யாருடைய விலை, யாருடைய கூலி என்ற சண்டையே மூள முடியும். வண்டியைப் பார்த்துக் கத்தியவர்கள் சட்டமே வேண்டாம் என்றா சொன்னார்கள்? ரொட்டிக்கு வரம்பு வை, கூலிக்கு வைக்காதே என்பதே அவர்கள் கட்சி.

புரட்சி நடந்தாலும் பலர் தம் பாட்டுக்கு வாழ்ந்தார்களே என்றும் கேட்கலாம். நாடக அரங்குகள் நிரம்பின, கல்யாணங்கள் நடந்தன. சேன் சுல்பீஸ் சதுக்கத்தில் குடியிருந்த கித்தார் த ஃப்ளோரிபான் என்ற முதியவர் 1791 முதல் 1796 வரை நாட்குறிப்பு வைத்திருந்தார். வெயில், குளிர், மழை, சாப்பாடு, வரவுசெலவு, வந்துபோனவர்கள். அதே கையெழுத்தில் அன்று கில்லட்டினில் வெட்டப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு. படிக்கிறவருக்குத் திக்கென்று இருக்கும், மனிதருக்கு நெஞ்சே இல்லையோ என்று சந்தேகம் வரும். எனக்கு அது அலட்சியமாகத் தெரியவில்லை. வட்டியும் வாடகையும் வாங்கிப் பிழைக்கும் ஒருவர், காகிதப் பணம் கரைவதைத் தினமும் பார்த்தவர், குளிரைப் போலவே அரசியலும் தன்னை வந்து தாக்கும் என்று அறிந்து எல்லாவற்றையும் ஒரே ஏட்டில் குறித்தார். வாழ்க்கை தொடர்ந்தது சரி. ஆனால் தொடர்வதற்கு அட்டை வேண்டும், நகர வட்டக் குழுவின் சான்றிதழ் வேண்டும், தொப்பியில் மூவண்ணச் சின்னம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைக் கூடப் புரட்சி நாள்காட்டியின் பத்து நாள் வாரம் விழுங்கியிருந்தது.

வாதத்தைச் சோதிக்க 1795ஐ விடச் சரியான ஆண்டு இல்லை. 1794 டிசம்பர் 24 அன்று உச்ச விலைச் சட்டத்தை மன்றம் ரத்து செய்தது, துர்கோவின் கொள்கை திரும்பி வந்தது. அந்தக் குளிர்காலத்தில் சேன் மீண்டும் உறைந்தது. மானிய ரொட்டி பெயருக்கு இருந்தது, ஆனால் வசந்தத்தில் பங்கு ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு அவுன்ஸ் வரை இறங்கியது. ரொட்டிக்குப் பதில் அரிசி கொடுத்தார்கள், வேகவைக்க விறகு இல்லை. வெளிச் சந்தையில் மார்ச் இறுதியில் 25 சூவாக இருந்த ஒரு ராத்தல் ரொட்டி, மே நடுவில் 16 லிவ்ர், அதாவது 320 சூ. உணவு வழங்கலுக்குப் பொறுப்பாயிருந்த மன்ற உறுப்பினர் புவாசி தாங்லாவுக்குப் பஞ்சப் புவாசி என்று பட்டம் கட்டினார்கள். பசி மட்டுமே காரணம் என்றால் இந்த ஆண்டின் கோஷம் ரொட்டியோடு நின்றிருக்க வேண்டும். மே 20 அன்று மன்றத்துக்குள் புகுந்த கூட்டம் ரொட்டியையும் 1793ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தையும் சேர்த்துக் கேட்டது, தொப்பிகளில் அப்படியே எழுதி வைத்துக்கொண்டு. நிறைவேறியும் நடைமுறைக்கு வராமல் கிடப்பில் போடப்பட்ட சாசனம் அது. சலவைப் பெண்களும் கொத்தர்களும் அதன் பிரிவுகளை மனப்பாடம் செய்திருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ரொட்டி இருந்த ஆண்டு எது, அந்த ஆண்டில் ஆட்சி யார் பேச்சைக் கேட்டது என்று அவர்களுக்கு நினைவிருந்தது. மன்றத்தின் பதிலும் அதே பாஷையில் வந்தது. மே 23 அன்று சேன் அந்துவான் பேட்டையைப் படை சூழ்ந்து ஆயுதங்களைப் பிடுங்கியது. அதே நாளில், பெண்கள் வீட்டோடு இருக்க வேண்டும், தெருவில் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து நின்றால் கைது என்று ஆணை பிறந்தது. ரொட்டி வரிசையின் பேச்சில் அரசியல் இல்லை என்று நினைத்த அரசு, ஐந்து என்று எண்ணி அதைக் கலைக்க மெனக்கெட்டிருக்காது.

அதன் பிறகு பேட்டை 1830 வரை எழவில்லை. அதனால் சந்தைக் கொள்கையே வென்றது என்று முடிப்பவர்கள் சட்டப் புத்தகத்தை இன்னொரு முறை புரட்ட வேண்டும். 1791 ஜூலையில், கைவினைஞர் சங்கங்களை ஒழித்து வணிகத்தை முழுவதும் திறந்துவிடும் உற்சாகத்தில் இருந்த மன்றம், ரொட்டிக்கும் இறைச்சிக்கும் மட்டும் விலை வைக்கலாம் என்று நகராட்சிகளுக்கு விதிவிலக்குக் கொடுத்தது. தற்காலிகமாக என்று அந்தப் பிரிவிலேயே எழுதினார்கள். 1811இல் விளைச்சல் பொய்த்ததால் 1812இல் நெப்போலியன் தானியத்துக்கே உச்ச விலை வைத்தார். தற்காலிகமாக எழுதிய அந்தப் பிரிவைக் காட்டி பிரான்சின் பல நகராட்சிகள் அந்த நூற்றாண்டு முழுவதும் ரொட்டிக்கு விலை வைத்துக்கொண்டிருந்தன. கடைசியில் ரொட்டி விலை வைப்பதை அரசு கைவிட்டது இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில்தான்.